ஒரு பெயர் பாக்கி

எங்கள் தெருவில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்தால் நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் நியாயம் யார் பக்கம் என்று தெரிந்துவிடும். ஒடுக்கு மாமா வீட்டுச் சண்டையில் மட்டும் அது முடியாது. அங்கே பாதிச் சண்டைதான் காதில் விழும். மேசையை ஓங்கித் தட்டும் சத்தம், அவர் மனைவி ரெக்ஸின் அக்கா அடக்க மாட்டாமல் விடும் "ஆமா, கிழிச்ச" என்ற ஒரு வார்த்தை, மறுபடி அமைதி. மீதியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சுவரில் காதை வைத்துப் பயனில்லை, ஜன்னலில் கண்ணை வைக்க வேண்டும். அப்படி வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஒன்றும் புரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

மாமாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வண்டிகளுக்கு ஒடுக்கு எடுக்கிற பட்டறை வைத்திருக்கிறார். எங்கேயாவது மோதி அமுங்கிப்போன தகரத்தை உட்பக்கமிருந்து தட்டித் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவருவது, மேலே பட்டி பூசுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பெயிண்டுக்கு அனுப்புவது. நாள் முழுக்கத் தகரத்தில் சுத்தியல் விழும் சத்தம். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தலைவலி, அவருக்கு மட்டும் கிடையாது. குழந்தைகள் வைத்த ஒடுக்கு மாமா என்ற பெயர் பெரியவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

அவர் மனைவி வண்டி சீட்டுகளுக்கு ரெக்ஸின் துணியில் உறை தைப்பவள், அதனால் ரெக்ஸின் அக்கா. வீட்டு முன்னறையில் அவள் மெஷின், வாசலை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவர் பட்டறை. நடுவில் உள்ள கதவைச் சாத்தவே மாட்டார்கள். அவர் தலைக்கு மேல் ஒரு பல்பு தொங்கும். அதன் சுவிட்சு அக்காவின் மெஷின் பக்கத்தில். கூப்பிட வேண்டுமென்றால் இரண்டு தடவை போட்டு அணைப்பாள். கரண்ட் இல்லாத நாளில் பஞ்சுக் கழிவைச் சுருட்டி முதுகைப் பார்த்து எறிவாள், குறி தப்பாது. அவர் நிமிர்ந்து, சுத்தியலைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு "என்ன" என்று கேட்பார். கையில் சுத்தியல் இருந்தால் பேச முடியாதே. அவசரக்கார வாடிக்கையாளர்களுக்கு இந்த நிதானம் எரிச்சலாக இருக்கும்.

அவர்கள் கையால் பேசியதை நான் வாய்ப்பேச்சாகத்தான் எழுதுகிறேன், வேறு வழி தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கைப்பேச்சில் நீ, நீங்க என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது, நீட்டுகிற ஒரு விரல்தான். எங்களிடம் பேசும்போது "இவரு வர்றாரு, போறாரு" என்று மரியாதை கொட்டுகிற அக்கா, அவர் பக்கம் திரும்பிவிட்டால் மரியாதையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள்.

கைப்பேச்சில் ஆளுக்கு ஒரு பெயர் உண்டு. அக்காவின் பெயர், வாய்க்குப் பக்கத்தில் ஐந்து விரலையும் கூட்டிப் பிரிப்பது. வாயாடி. முன்பு ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் அவர் வேலை பார்த்தபோது இவள் அங்கே சீட்டு தைக்க வந்தாள். வந்த அன்றைக்கே இந்தப் பெயரை வைத்துவிட்டார். "காது கேக்காத மனுஷன் நான் வாயாடின்னு எப்படிக் கண்டுபிடிச்சாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல" என்பாள். அவர் பெயர், இரண்டு கண்ணுக்குக் கீழேயும் விரலை வைத்துக் கன்னத்தில் இறக்குவது. ஏன் இந்தப் பெயர் என்று அவள் அப்போதே கேட்டாள். அவர் கேஸ் வெல்டிங்கைக் காட்டினார். தீப்பொறியில் கண்ணில் தண்ணீர் வரும், அதனால் வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

அவர்களுக்கு ஒரே பெண். பாப்பா. அவளுக்கும் காது கேட்காது. வீட்டில் சுண்டுவிரலைக் காட்டினால் அவள்தான். அது செல்லம், பெயர் இல்லை.

பாப்பாவைத் தெருக்கோடித் தொடக்கப்பள்ளியில் சேர்க்கப் போனபோது பெரிய டீச்சர் யோசித்தார். கெட்டவர் இல்லை, நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாய் மேய்த்துத் தொண்டை கட்டிப்போனவர்.

"வரட்டும்மா. அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம். மத்த பிள்ளைங்களோட ஒட்டிக்கிட்டான்னா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா அவங்களுக்குன்னே டவுன்ல பள்ளிக்கூடம் இருக்கு, ஹாஸ்டலோட. அங்க எல்லாரும் கையாலதான் பேசுவாங்க."

"நானும் அதைத்தான் டீச்சர் சொல்றேன்" என்றாள் அக்கா. "இவரே அங்க படிச்சவருதான். ஆனா பொண்ணை அனுப்பறதுன்னா மட்டும் தலையை ஆட்டுறாரு. ஏன்னு கேட்டா சுத்தியலை எடுத்துடறாரு."

அவளுக்கு மகளைப் பிரிகிற ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் இங்கே தெருவில் பாப்பா விளையாடுவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். மற்றவர்கள் ஓடினால் ஓடுவாள், நின்றால் நிற்பாள், எதற்கு என்று தெரியாது. அதனால் சீட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய நீல ரெக்ஸினில், ஹாஸ்டலுக்கென்று ஒரு பை தைக்க ஆரம்பித்தாள். பக்கத்துக்கு ஒரு ஜிப், அடியில் இரட்டைத் தையல். மாமா அந்தப் பையைப் பார்க்காதது போலவே கடந்து போவார்.

பள்ளியில் முதல் சில வாரங்கள் பாப்பா பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பழக்கம் மட்டும் இருந்தது. ஜன்னலில் அணில் வந்தால், டீச்சர் சேலையில் சாக்பீஸ் பட்டிருந்தால், மழை தூறினால், பக்கத்தில் இருப்பவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள். அவர்கள் பார்க்கிற வரை விடமாட்டாள். தையல் பிரிந்த சட்டைகளோடு சில அம்மாக்கள் பட்டறைக்கு வந்தார்கள். அக்கா காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தாள். "இதுக்கு ஒரு தனி மெஷின் வாங்கணும் போல இருக்கு" என்று முணுமுணுத்தாள்.

சின்ன டீச்சர் புதிதாக வந்தவள். ஒரு நாள் பட்டறைக்கே வந்து நின்றாள். போனில் பார்த்துக் கொஞ்சம் கைப்பேச்சு கற்றிருந்தாள். "வணக்கம்" என்று சொல்வதாக நினைத்து என்னமோ செய்ய, மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"புதன்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வருவாரான்னு கேளுங்கக்கா."

அக்கா கேட்டாள். அவர் தன் கையைப் பார்த்தார். பட்டி காய்ந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"எனக்கு என்ன தெரியும்? நான் வாத்தியாரா?"

"நாள் பூரா எங்கிட்ட சண்டை போடறியே, அதைச் சொல்லிக்கொடு."

முதல் புதன் அக்காவும் கூடப் போனாள். பிள்ளைகள் கேட்ட கேள்விகளை அவர் பக்கம் தள்ளித் தள்ளி அவளுக்குக் கை வலித்துவிட்டது. காலையில எப்படி எழுந்திருப்பீங்க? தலையணைக்கு அடியில் போன் அதிரும். கதவைத் தட்டினா எப்படித் தெரியும்? தெரியாது, அதுக்குத்தான் இவளைக் கட்டிக்கிட்டேன். கனவுல யாராவது பேசுவாங்களா? பேசுவாங்க, கையால. வாயில சோறு இருக்கும்போது பேசலாமா? தாராளமா. இந்தப் பதிலில் வகுப்பே கைப்பேச்சின் பக்கம் சாய்ந்துவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து அக்காவுக்கு ஒரு வேன் முழுக்க சீட்டு வேலை வந்தது. அவர் தனியாகப் போனார். சொல்ல வராததை நடித்துக் காட்டினார், மீதியைச் சின்ன டீச்சர் ஒப்பேற்றினாள். பிள்ளைகள் டீச்சரை விட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். வகுப்பில் மாட்டிக்கொள்ளாமல் பேச இதைவிட நல்ல வழி எது? "சத்தமே இல்ல, ஆனா எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க. யாரைன்னு அதட்டறது?" என்று பெரிய டீச்சர் குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை பிள்ளைகள் தங்களுக்கும் கைப்பேச்சில் பெயர் வேண்டும் என்று கேட்டார்கள். அவர் படித்த இடத்து வழக்கத்தை அவர் சொன்னார். பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது. அப்பா அம்மாவும் வைக்கக் கூடாது. கூட இருக்கிறவர்கள் பார்த்து வைக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொருவரையும் முன்னால் நிறுத்தி, தகரத்தைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார். நழுவுகிற கால்சட்டையை மேலே இழுத்துக்கொண்டே இருப்பவனுக்கு இடுப்பில் இழுக்கும் பெயர். முன்பல் இல்லாதவளுக்குப் பல்லில் ஒரு விரல். சுருட்டை முடி, மூக்குறிஞ்சி, தூங்குமூஞ்சி. ஒவ்வொரு பெயருக்கும் வகுப்பு இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டியது. அதுதான் அவர்கள் கைதட்டல்.

மருந்துக்கடைக்கார அம்மாவின் மகள் முறை வந்தது. அந்தப் பெண்ணுக்கு இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை வெந்நீர் பட்ட தழும்பு, தோல் சுருங்கி மடிப்பு மடிப்பாக இருக்கும். அவர் தன் கன்னத்தைத் தொட்டு, "வலிக்குதா?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டி, வெயிலில் அரிக்கும் என்று சொறிந்து காட்டினாள். அவர் கன்னத்தில் விரலை அலை அலையாக இறக்கினார். அதுதான் அவள் பெயர்.

கடைசியில் "பாப்பாவுக்கு?" என்று கேட்டார்கள்.

"நான் அப்பா. நான் வைக்கக் கூடாது. நீங்கதான் கூட இருக்கீங்க. அவசரம் இல்ல. பார்த்து வைங்க."

மறுநாள் காலை மருந்துக்கடைக்கார அம்மா பட்டறை வாசலில் வந்து நின்றாள். தெருவில் பாதிப் பேருக்கு நாக்கு பார்த்து மாத்திரை கொடுப்பவள். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டோம்.

"எங்கம்மா உன் புருஷன்? கூப்பிடு. எம்பொண்ணு முகத்துல இருக்கறதைப் பேரா வெச்சிருக்காரே, அதை என் முன்னால வைக்கச் சொல்லு பார்ப்போம்."

அக்காவுக்கு இது தெரியவே தெரியாது. சுவிட்சைப் போட்டு அணைத்தாள். அவர் நிமிர்ந்து, சுத்தியலை வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அந்தப் புள்ளைக்குத் தழும்பைப் பேரா வெச்சியா?"

"வெச்சேன்."

"வேற எதுவுமே கண்ணுல படலையா? நீள முடின்னு வெச்சிருக்கக் கூடாது?"

"முடி எல்லாருக்கும்தான் இருக்கு. பார்த்தேன். வலிக்குதான்னு கேட்டேன். வெச்சேன்."

அக்கா மருந்துக்கடைக்கார அம்மா பக்கம் திரும்பினாள். "தெரியாம பண்ணிட்டாராம் அக்கா. ரொம்ப வருத்தப்படறாரு. பேரை மாத்திடறேங்கறாரு."

அந்த அம்மாவின் முகத்தில் கோபம் சட்டென்று இறங்கியது. அது இறங்கிய வேகத்திலேயே மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. அக்காவின் தோளைத் தட்டினார். "நான் என்ன சொன்னேன், நீ என்ன சொன்ன?" என்று கேட்டுவிட்டு, நேராக அந்த அம்மாவைப் பார்த்துத் தலையை இடம் வலமாக ஆட்டினார். மாற்ற முடியாது என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"அப்படியா" என்றாள் அந்த அம்மா. குரல் இப்போது தணிந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "எங்க சொல்லணுமோ அங்க சொல்லிக்கறேன்."

சொன்னாள். அன்றைக்கே பெரிய டீச்சர் புதன்கிழமை வகுப்பை நிறுத்தினார். வீட்டுக்கே வந்து அக்காவிடம் பேசினார்.

"எனக்கும் மனசு கேக்கலம்மா. ஆனா ஒரு தாய் அழுதுகிட்டு வந்து நின்னா நான் என்ன செய்ய? ஹாஸ்டல்ல ஒரு இடம் சொல்லி வெச்சிருக்கேன். வர்ற புதன்கிழமைக்குள்ள முடிவைச் சொல்லிடுங்க. விட்டா அடுத்த வருஷம்தான்."

அன்று சாயங்காலம் நடந்த சண்டையில் எங்களுக்கு நிறையவே கேட்டது. அக்கா கையோடு வாயையும் அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"எல்லாம் உன்னாலதான். ஊர்ல யார் யாருக்கு என்ன குறைன்னு எங்களுக்கும் கண்ணு தெரியுது. நெட்டை, குட்டை, சோடாபுட்டின்னு நாங்களும்தான் பேரு வைக்கறோம். முதுகுக்குப் பின்னால வைப்போம். முகத்துக்கு நேரா வைக்க மாட்டோம். அதுக்குப் பேருதான் மரியாதை."

"முதுகுக்குப் பின்னால கைப்பேச்சு தெரியாதே" என்றார்.

"இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. பாப்பாவை அனுப்பறமா, இல்லையா? பை தயாரா இருக்கு."

"அனுப்ப வேண்டாம்."

"ஏன்? நீ படிச்ச இடம்தானே. ஏன்?"

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டார். அவள் மேசையைத் தட்டிய சத்தம் எதிர்வீடு வரை கேட்டது.

அடுத்த நாள் தூறலாக இருந்தது. அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டாவது வகுப்பை மீட்கலாமா என்று ஒரு நப்பாசை. கடையில் கூட்டம் இல்லை. கல்லாவுக்குப் பின்னால் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அந்தப் பெண் படம் வரைந்துகொண்டிருந்தாள். மழைப் புழுக்கத்திலும் கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை.

"அக்கா, நான் சண்டைக்கு வரல" என்றாள் ரெக்ஸின் அக்கா. "நேத்து நான் பொய் சொன்னேன். அதுக்குத்தான் வந்தேன். அவரு வருத்தப்படல. அவருக்கு அதுல என்ன தப்புன்னே தெரியல."

"நீயாவது ஒத்துக்கறியே." அந்த அம்மா மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே பேசினாள். "இவளுக்கு இப்படி ஆனதுலருந்து யாரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம பார்த்துக்கிட்டேன். சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குக்கூட போறதில்ல. எல்லாத்தையும் உன் புருஷன் ஒரே நாள்ல கவுத்துட்டாரு."

"எல்லாரும் பேசறாங்கம்மா" என்றது பெட்டி மேலிருந்து ஒரு குரல். பென்சிலை எடுக்காமலே சொன்னாள். "எனக்குக் கேக்காதுன்னு நினைச்சுக்கிட்டுப் பேசறாங்க."

மாத்திரை அடுக்கிய கை நின்றது.

"மாமா மட்டும்தான் நேரா கேட்டாரு. வலிக்குதான்னு."

ரெக்ஸின் அக்கா குனிந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "உனக்கு அந்தப் பேரு புடிச்சிருக்கா கண்ணு?"

அவள் யோசித்தாள். "தெரியல அத்தை. ஆனா வேற பேரு வேண்டாம். மாமா பேரு இதைவிட மோசம். அவரே அதை மாத்தாம வெச்சுக்கிட்டு இருக்காரே."

"அவரு பேருக்கு என்னடி? வெல்டிங் வெச்சா கண்ணுல தண்ணி வரும். அதான்."

"இல்ல அத்தை, அது அழுகை."

எழுந்து வந்து கடை முகப்பின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் வகுப்பில் நடித்துக் காட்டியதை அவள் நடித்துக் காட்டினாள். பாப்பா அளவு இருக்கும்போது அவரை அவர் அம்மா அந்த ஹாஸ்டலில் விட்டாள். ஒரு பிஸ்கட் பொட்டலம் கையில் கொடுத்தாள். கேட்டைச் சாத்தினார்கள். அம்மா போகிறாள், போகிறாள், சின்னதாகிவிட்டாள்.

"அவங்களுக்குக் கைப்பேச்சு தெரியாதாம் அத்தை. எதுக்கு விட்டுட்டுப் போறோம், எப்ப வருவோம்னு சொல்லத் தெரியலையாம். அதனால இனிமே வரவே மாட்டாங்கன்னு மாமா நினைச்சுக்கிட்டாராம். இருட்டற வரைக்கும் கம்பியை விடலையாம். உள்ள இருந்த பசங்க பார்த்துட்டு அந்தப் பேரை வெச்சாங்களாம். அப்புறம் அவங்கதான் ஃபிரண்டாம்."

கம்பியைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் கையையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவரைக் கூப்பிட்டதெல்லாம், சாப்பிட வா என்றதெல்லாம், திட்டியதெல்லாம் இந்தப் பெயரைச் சொல்லித்தான்.

மருந்துக்கடைக்கார அம்மா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கு அந்த வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்தது நான்தாம்மா" என்றாள். "புடிச்சிருந்த துணி வழுக்கிடுச்சு. இவ பின்னால நின்னது தெரியல. முந்தாநாள் வந்து, அம்மா எம்பேரு இதுன்னு கன்னத்துல விரலை வெச்சா. என்னைக் கைகாட்டற மாதிரி இருந்துச்சு."

"உன்னைக் காட்டலம்மா" என்றாள் மகள். "என்னைத்தான் காட்டினேன்."

அக்கா வீட்டுக்கு வந்ததும் மெஷினில் உட்காரவில்லை. சுவிட்சைப் போட்டு அணைத்தாள். அவர் சுத்தியலை வைத்துவிட்டு வந்தார். அவள் அவர் பெயரைச் சொன்னாள். விரல்கள் கன்னத்தில் மெதுவாக இறங்கின. பிறகு கம்பியைப் பிடிப்பது போல் இரண்டு கையையும் மூடிக் காட்டினாள்.

அவர் உப்புத்தாள் தூள் ஒட்டியிருந்த கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அப்ப உன்னைத் தெரியாது. நான் அழுமூஞ்சின்னு சொன்னா எந்தப் பொண்ணு நின்னு பேசுவா?"

"அப்புறம்?"

"அப்புறம் நீ திருப்பிக் கேக்கல. பசங்க கேட்டாங்க."

"அந்த இடம் அவ்வளவு மோசமா?"

"மோசம் இல்ல. எனக்குப் பேச்சே அங்கதான் கிடைச்சுது. சிநேகிதங்க, இந்த வேலை, எல்லாம் அங்கதான். லீவுக்கு வீட்டுக்கு வந்தா எப்ப திரும்பிப் போவோம்னு இருக்கும். அம்மா சோத்தைப் போட்டுட்டு என் முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பா. ரெண்டு பேருக்கும் நடுவுல சோத்துத் தட்டுதான். வேற ஒண்ணும் இல்ல." சுண்டுவிரலைக் காட்டினார். "பாப்பாவுக்கு வீட்ல பேச நாம இருக்கோம். வெளியில பேச நாலு பேர் கிடைச்சா போதும், எதுக்குக் கேட்டுக்கு உள்ள விடணும்னு நினைச்சேன்."

"கிடைக்கலேன்னா?"

தூறல் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அது அக்காவுக்கு மட்டும் கேட்டது.

"கிடைக்கலேன்னா நானே கொண்டுபோய் விடறேன். என்னிக்கு வருவேன்னு சொல்லிட்டு வர்றேன்."

அந்த வாரம் அவர் அந்த நீலப் பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஜிப்பை இழுத்துப் பார்த்தார். வாரின் ஒரு தையல் பலமாக இல்லை என்று அக்காவிடம் காட்டினார். அவள் பிரித்துத் தைத்தாள். அந்த வாரம்தான் முதல் தடவையாகப் பட்டறைச் சத்தம் எனக்குத் தலைவலியாக இல்லை, அது இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கேட்கட்டும் என்றிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் பள்ளிக்குப் போனார்கள், ஹாஸ்டலுக்குச் சம்மதம் சொல்ல. மாமா சலவைச் சட்டை போட்டிருந்தார்.

மணி அடித்து மைதானத்தில் பிள்ளைகள் இறங்கியிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் மருந்துக்கடைக்கார அம்மாவும் பெரிய டீச்சரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் அந்த அம்மா நகர்ந்து வழிவிட்டாள்.

மாமா உள்ளே போகவில்லை. கேட்டுக் கம்பிக்கு வெளியே நின்றபடி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பா தண்ணீர்க் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மைதானத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஏதோ ஓட்ட விளையாட்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கால்சட்டைக்காரன் இந்தக் கோடியில், பல் இல்லாதவள் அந்தக் கோடியில். வகுப்பு நின்றும் கைகள் நிற்கவில்லை. தொண்டை கிழியக் கத்துவதை விட இது சுலபம் என்று கண்டுகொண்டிருந்தார்கள். கால்சட்டைக்காரன் குழாயடியைக் காட்டி, தன் சட்டைக் கையை இரண்டு தடவை இழுத்துவிட்டுக்கொண்டான். எங்க கட்சி என்று நெஞ்சில் தட்டினான். அந்தப் பக்கம் பல் இல்லாதவள் பலமாகத் தலையாட்டினாள். அவளும் தன் சட்டைக் கையை இழுத்தாள். எங்க கட்சி, நேத்தே சொன்னோம். சுருட்டை முடிக்காரி ஓடி வந்து சட்டைக் கையை இழுத்தாள். தூங்குமூஞ்சிக்குக்கூட விழிப்பு வந்து அவனும் இழுத்தான். சண்டை முற்றியது. பாப்பாவோ இது எதுவும் தெரியாமல் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடைப் பெண்தான் முதலில் மாமாவைப் பார்த்தாள். கேட்டுக்கு ஓடி வந்தாள். அவர் கம்பிக்கு வெளியிலிருந்து, தன் சலவைச் சட்டையின் கையை இழுத்துக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டார்.

"உங்க பொண்ணு. நாங்க வெச்சோம். எல்லாரும் பார்த்துத்தான் வெச்சோம்."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவிடம் வந்தார். "இந்தம்மா சொன்னதைத் திருப்பி வாங்கிக்கறாங்களாம். அடுத்த புதன்லருந்து வகுப்பு நடக்கட்டும். ஆனா தயவு பண்ணி இந்தப் பேரு வைக்கற வேலை மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க அவர்கிட்ட."

அக்கா மாமாவின் தோளைத் தட்டிச் சொன்னாள். அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை. மைதானத்தில் இன்னும் தீராத அந்தச் சண்டையைக் காட்டிப் பதில் சொன்னார்.

"எல்லாருக்கும் வெச்சாச்சு. ஒருத்திதான் பாக்கி இருந்தா. அவளுக்கும் வெச்சுட்டாங்க."

"என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார் பெரிய டீச்சர்.

வாயாடி என்று பெயர் வாங்கியவளுக்கு, அன்றைக்கு அதை வாய்விட்டுச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.